பொட்டு வைத்த மூட்டை

அத்தியாயம் 5

துறைமுகத்தில் எடுத்த படத்தில் ஒரு வேகனின் கதவு திறந்திருந்தது. உள்ளே அரிசி மூட்டைகள். சணல் சாக்குகள் நனைந்து கறுத்திருந்தன.

கோமளா அதை நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாத்தீங்கன்னா அரிசி வெந்துடும் மேடம்,” என்றான் ஜஸ்டின்.

குமணன்சாவடி சந்திப்பில், செருப்புக் கடைக்கு மேல் இருந்தது அவளுடைய அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் மெட்ரோ தூண். மூடினால் புழுக்கம். இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காக நஷ்டங்களை மதிப்பிட்டவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள்; அதே பொய்களை மேசையின் மறுபக்கத்திலிருந்து கேட்கிறாள். ஜஸ்டின் அவளுடைய உதவியாளன். வேன் ஓட்டுவான், போன் எடுப்பான், மீதி நேரம் பேசுவான்.

எதிரே அன்னம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது. முழுதாக உட்கார்ந்தால் யாராவது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்பதுபோல.

“நாளைக்கு காலைல கூட்டம்மா,” என்றாள். “கோயிலாண்ட. சங்கத்துலேர்ந்து பேர எடுத்துட்டு, போலீஸ்ல எய்திக் குடுக்கப் போறாங்கோ. திருடின்னு.”

அகரவேடு உழவர் சங்கம் இந்த வருடம்தான் முதல் முறையாக அரிசியைக் கப்பலுக்கு அனுப்பியது. துறைமுகம் முப்பது சொச்சம் கிலோமீட்டர். லாரியில் அனுப்பினால் துறைமுக வாசலில் வரிசை. டிரைவர்கள் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, லுங்கியைத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடி சமைக்கிறார்கள். அதனால் ரயில். அண்ணனூரில் ஒரு தனியார் சரக்கு முனையம் வேகன் தருவதாகச் சொன்னது. தந்தது. ஏற்றிய வேகன் நின்ற இடத்திலேயே நின்றது. ஒருவழியாகத் துறைமுகம் சேர்ந்தபோது கதவைத் திறந்தார்கள். ஈரம். கப்பல் அரிசியை விட்டுவிட்டுப் போனது.

மூட்டை பிடித்தபோது ஈரப்பத மீட்டரைக் கையில் வைத்திருந்தவள் அன்னம்மாள். எடை கூட்டுவதற்காக அவள் தண்ணீர் தெளித்துவிட்டாள் என்றார்கள்.

“தெளிச்சா எனக்கு இன்னாம்மா வந்துது? என் மூட்டையுந்தான் அதுல கீது.”

“வேகன் ஒழுகியிருக்கலாம்,” என்றாள் கோமளா.

“ஒயுகலன்னு சொல்ட்டாங்கோ. சீலு ஒடையல, கூரை ஓட்டையில்ல. அப்போ நீதான்னாங்கோ.”

ஜஸ்டின் மேசைமேல் குனிந்து, படத்தில் கதவோரம் இருந்த ஒரு மூட்டையைக் காட்டினான்.

“எனக்கு ஒண்ணுதான் புரியல. மத்த மூட்டையெல்லாம் எயவு ஊட்டுக்கு வந்த மாதிரி கீது. இது மட்டும் மஞ்சா, குங்குமம்லாம் வெச்சினு மாப்ள மாதிரி வாசல்ல நிக்குது.”

“அது மொத மூட்டை, தம்பி,” என்றாள் அன்னம்மாள். “மொத மூட்டைக்குக் கற்பூரம் காட்டி, பொட்டு வெச்சுத்தான் ஏத்துவாங்கோ. எந்த லோடா இருந்தாலும் அப்பிடித்தான்.”

கோமளா நிமிர்ந்தாள்.

“முதல் மூட்டைன்னா முதல்ல உள்ள போறதா?”

“ஆமா. கோடி செவுத்தாண்ட, கீழ. அதுக்கு மேலதான் மத்ததெல்லாம் அடுக்குவாங்கோ.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான்தான கற்பூரம் வாங்கியாந்தேன். கோடியில வெச்சத என் கண்ணால பாத்தேன்.”

“அப்போ இது ஏன் கதவுல இருக்கு?”

அன்னம்மாள் படத்தை வாங்கினாள். இதுவரை அவள் அதில் ஈரத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். கண்ணருகில் கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். கீழே ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

“இன்னொண்ணு,” என்றாள் கோமளா. “சுத்தி இருக்கிற எல்லா மூட்டையும் நனைஞ்சிருக்கு. இதுல குங்குமம்கூட கலையல.”

“அப்பிடின்னா?”

“வேகனைக் காலி பண்ணியிருக்காங்க. எல்லாத்தையும் வெளிய எடுத்து, நனைய விட்டு, திரும்ப ஏத்தியிருக்காங்க. இந்த மூட்டையை மட்டும் யாரோ நனையாத இடத்துல வெச்சிருந்திருக்காங்க. கடைசியா ஏத்தியிருக்காங்க.”

“திருடன் பக்திமான் போல,” என்றான் ஜஸ்டின்.

“ஏத்துனது யாரு?”

“எங்க ஊரு ஆளுங்கதான்,” என்றாள் அன்னம்மாள். “பயிர் இல்லாத நாள்ல அண்ணனூருக்கு லோடு ஏத்தப் போவாங்கோ. வேம்புலிதான் மேஸ்திரி. எனக்குத் தம்பி மொற. அவனக் கேட்டா சொல்லிடுவான்மா. பொய் பேச மாட்டான்.”

அவள் எழுந்தாள். நேற்றிலிருந்து முதல் முறையாக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

*

வேன் சென்னீர்குப்பத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரி, அதற்கு முன்னால் இன்னொன்று. ஜஸ்டின் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான்.

“அரிசிக்குக் கால் இருந்திருந்தா நடந்தே துறைமுகம் போயிருக்கும்.”

“சிரிக்காத தம்பி,” என்றாள் அன்னம்மாள் பின்சீட்டிலிருந்து. “லோடு ஏத்த நேரம் குடுப்பாங்கோ. தாண்டுனா எங்களுக்கு ஃபைன். அவங்க வேகன நிறுத்தி வெச்சினே கீறாங்களே, அதுக்கு எவனுக்கு ஃபைன்? கேட்டா இஞ்சின் இல்லன்வாங்கோ. இஞ்சின் வந்தா லைன் இல்லன்வாங்கோ. லைன் இருந்தா கப்பல் வர்லன்வாங்கோ. நெல்லு ஒயுங்கா வெளையுது. அது ஒண்ணுதான் சொன்ன தேதிக்கு வருது.”

“நீங்க யார்கிட்டயும் முறையிடலயா?” என்றாள் கோமளா.

“யாராண்ட? வேகன் ஒருத்தரது. லைன் ஒருத்தரது. துறைமுகம் ஒருத்தரது. எல்லாரும் அடுத்தவரக் கை காட்றாங்கோ. ரோட்ல உக்காந்தாத்தான் கேக்கறாங்கோ. போன மாசம் உரத்துக்கு உக்காந்தோம். வெள்ளவேடு ரோட்ல, வெயில்ல, ஊரே உக்காந்தோம். வந்துது. வேகனுக்கும் அப்பிடி உக்காந்திருக்கணும்.”

“உட்கார்ந்திருக்கலாமே.”

“உரம் வந்தவொடனே எல்லாரும் வயலுக்குப் போய்ட்டாங்கோ.”

லாரி நகர்ந்தது. பருத்திப்பட்டு ஏரியோரம் அடுக்கு மாடிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பூங்கா, பசுமை, தோட்டம் என்று ஏதோ ஒரு பெயர். அன்னம்மாள் அவற்றைப் பார்க்கவில்லை. வேம்புலியிடம் எப்படிக் கேட்பது என்று உதடு அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அண்ணனூரில் மின்சார ரயில்கள் தூங்கும் கொட்டகையைத் தாண்டி அந்த முனையம். வாசலில் ‘வடதிசை சரக்கு முனையம்’ என்று பலகை. காவலாளி அன்னம்மாளைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

“இந்தம்மாவ உள்ள உடக் கூடாதுன்னு உத்தரவு.”

“நான் வேன்லயே கீறேன்மா,” என்றாள் அவள். “வேம்புலியாண்ட அன்னம் வந்துகீதுன்னு சொல்லுங்கோ. ஓடியாருவான்.”

மேலாளர் கிருபாகரனின் அறையில் குளிர்சாதனம் கூவிக்கொண்டிருந்தது. அவர் சிரித்த முகத்தோடு பேசினார். புகார் சொல்ல வருகிறவர்களுக்கென்றே வைத்திருந்த சிரிப்பு.

“இஞ்சின் லேட். அவ்ளோதான் மேடம். வேகன் இங்கேயேதான் நின்னுது. யாரும் தொடல. சீல் அப்படியே இருந்துது.”

“சீல் யார் கையில இருக்கு?”

“எங்க கையிலதான்.”

“பூட்டும் சாவியும் ஒரே ஊட்ல,” என்றான் ஜஸ்டின். “களவு போக வழியே இல்ல.”

கிருபாகரன் அவனைப் பார்க்கவில்லை. “திரும்பி வந்த மூட்டை கடைசிக் கொட்டகையில கிடக்கு. வேகனும் பக்கத்துலயே நிக்குது. பாக்கணும்னா பாருங்க. எங்களுக்கு மறைக்க எதுவும் இல்ல.”

கொட்டகைக்குப் பத்தடி முன்பே நாற்றம் வந்தது. அரிசி புளித்துக் கட்டியாகியிருந்தது. சாக்கு இடுக்குகளில் பச்சைப் பூஞ்சை. ஜஸ்டின் மூக்கைப் பொத்திக்கொண்டான். சோறு நாறுவதைப் பற்றி அவனிடம் நகைச்சுவை எதுவும் இருக்கவில்லை.

வேகனைப் பெருக்கி வைத்திருந்தார்கள். கோமளா உள்ளே ஏறி டார்ச் அடித்தாள். தரையில் இரும்புத் தகடுகள் சேரும் இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கடுகளவு உருண்டைகள்.

“ஜவ்வரிசி,” என்றான் ஜஸ்டின்.

“கையில எடு.”

எடுத்தான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாள். உருண்டைகள் கரைந்தன.

“மேடம், ஜில்லுனு கீது. ஐஸ் வெச்ச மாதிரி.” பாட்டிலைத் தொட்டுப் பார்த்தான். தண்ணீர் வெந்நீராக இருந்தது. மறுபடி உள்ளங்கையைப் பார்த்தான். அவள் தடுப்பதற்குள் நாக்கில் வைத்தான். “கசக்குது.”

“துப்பு. யூரியா.”

துப்பினான். மறுபடியும் துப்பினான். “இப்போ என் வாய்ல நாத்து மொளைக்குமா?”

“தண்ணி பட்டா குளிரும். அடிபட்ட உர லோடு எத்தனையோ பாத்திருக்கேன்.” அவள் மிச்ச உருண்டைகளை ஒரு காகிதத்தில் மடித்தாள். “அரிசி இங்க வெளிய கிடந்தப்போ இந்த வேகன் சும்மா நிக்கல. துறைமுகத்துக்குப் போய், கப்பல்ல வந்த உரம் ஏத்திக்கிட்டு வந்திருக்கு.”

ஜஸ்டின் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான்.

“அதாவது வேகன் துறைமுகத்துக்குப் போச்சு. திரும்பியும் வந்துடுச்சு. அரிசி மட்டும் போகல.”

“ஆமா.”

“இத்த நான் ஜோக்கா சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க.”

*

சுமை ஏற்றுகிறவர்கள் தண்ணீர் டிரம் பக்கத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த மீசை, தலையில் சும்மாடு. அதுதான் வேம்புலி. கோமளா எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

“இங்க பூசை போடறது நீங்கதானே?”

“ஆமா.”

“எந்தச் சாமிக்கு?”

“எங்க ஊரு அம்மனுக்கு. கை காலு நசுங்காம இருக்கணும்ல.”

“அந்த அம்மனுக்குப் பொட்டு வெச்ச மூட்டையை மழையில போட்டுட்டீங்களே.”

வேம்புலி அவளைப் பார்த்தான். “இன்னா மழ? எந்த மூட்டை?”

“அரிசி மூட்டைதான். குங்குமத்தோட சேத்துத் தரையில போட்டிருக்கீங்க. சேத்துல கிடந்திருக்கு. நாய் ஏறிப் படுத்திருக்கு. படத்துல தெரியுது. அப்புறம் எதுக்கு அந்தப் பூசை?”

“யாரு சொன்னது?” அவன் எழுந்துவிட்டான். “அத்தப் போயி நான் மழையில போடுவனா? நானே தோள்ல தூக்கினு போயி ஆபீசு தாவாரத்துல, பலகை மேல…”

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள்.

“பலகை மேல?” என்றான் ஜஸ்டின் மெதுவாக.

வேம்புலி சும்மாட்டை அவிழ்த்தான். முகத்தைத் துடைத்தான். மறுபடி சுற்றவில்லை.

“தெரியாதவன் யாராவது எடுத்திருந்தா பொட்டு வெச்ச மூட்டையும் மத்ததும் ஒண்ணாத்தான் கிடந்திருக்கும்,” என்றாள் கோமளா. “உங்க ஆளுங்கதான் அதைப் பாத்துப் பாத்து வெச்சிருக்க முடியும். ஏன் கடைசியில ஏத்துனீங்க?”

“ஒரே லோடுக்கு ரெண்டு வாட்டி பூச போடக் கூடாதும்மா. மறுபடி மொதல்ல ஏத்துனா பூச போட்டாவணும். அதான் ஓரமா வெச்சிருந்துட்டுக் கடைசில வெச்சோம்.” அவன் குரல் இறங்கியது. “தார்ப்பாய் போட்டுத்தான்மா மூடுனோம். கியிஞ்ச தார்ப்பாய். மழ வராதுன்னாங்கோ. அன்னிக்கு ராத்திரியே கொட்டுச்சு.”

“யார் எறக்கச் சொன்னது? கிருபாகரனா?”

“அவரு சொன்னா நாங்க எங்க ஊரு அரிசிய எறக்குவமா?”

“வேற யார் சொன்னா எறக்குவீங்க?”

அவன் சும்மாட்டுத் துணியைக் கையில் முறுக்கினான். பிறகு, “தலைவரக் கேளுங்கோ,” என்றான்.

“அன்னம்மாள் வாசல்ல வேன்ல இருக்காங்க. நீங்க ஓடி வருவீங்கன்னாங்க.”

வேம்புலி கம்பி வேலி வழியாகப் பார்த்தான். வேனின் ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. அது உயர்ந்து அசைந்தது.

அவன் திரும்பி நின்றுகொண்டான்.

*

வேனில் கோமளா எல்லாவற்றையும் சொன்னாள். அன்னம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அசைத்த கையை மடியில் வைத்திருந்தாள்.

“தலைவர்னா திருவேங்கடம் அண்ணன்,” என்றாள் கடைசியில். “அவருக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. இவன் பயத்துல அவரு பேரச் சொல்றான். சங்கத்த ஆரம்பிச்சதே அவரு. மில்லுகாரன் வெலய நம்ம தலைல கட்றான், நாமளே கப்பல்ல ஏத்துவோம்னு ஊடு ஊடா வந்து கூப்ட்டவரு. அவராண்ட போலாம். கேட்டாருன்னா கூட்டத்தையே நிறுத்திடுவாரு.”

ஜஸ்டின் கண்ணாடியில் கோமளாவைப் பார்த்தான். கோமளா சாலையைப் பார்த்தாள்.

அகரவேடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் மனைப்பிரிவுக் கற்கள். மறுபக்கம் வயல். பயிர் கரும்பச்சையாக நின்றது. அப்படி ஒரு பச்சை.

“நல்லா வந்திருக்கு,” என்றான் ஜஸ்டின்.

“உரம் போட்டுச்சு இல்ல,” என்றாள் அன்னம்மாள். “அதோ அந்த வரப்புக்கு அந்தாண்ட என்னுது.”

சொல்லிவிட்டு நிறுத்தினாள். கோமளா மடித்த காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கும்போது அன்னம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவேங்கடம் பம்புசெட் தொட்டியோரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை. மூன்று பேர் இறங்குவதைப் பார்த்தார். முதலில் அன்னம்மாளைப் பார்த்தார், பிறகு வேறெங்கோ.

“வா அன்னம். டீ சொல்லட்டா?”



கோமளா காகிதத்தைத் தொட்டிச் சுவர்மேல் பிரித்து வைத்தாள். “இது உங்க அரிசி போன வேகன்ல இருந்துது.”

அவர் பார்த்தார். தொடவில்லை.

“வேம்புலி போன் பண்ணான்,” என்றார்.

“அண்ணே,” என்றாள் அன்னம்மாள். “இல்லன்னு சொல்லுங்கோ.”

திருவேங்கடம் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு உரத்துக்கு ரோட்ல உக்காந்தோமே, உனக்கு நெனவு கீதா? நீ எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த. பயிரு மஞ்சளாயிடுச்சு, இன்னும் நாலு நாளு போச்சுன்னா அவ்ளோதான்னு நீதான் அழுத. உரக்கடைக்காரன் இன்னா சொன்னான்? கப்பல்ல வந்த உரம் துறைமுகத்துல கெடக்குது, ஏத்தியார வேகன் இல்லன்னான். வேகன் எங்க கீது? நம்ம அரிசிய வயித்துல வெச்சினு அண்ணனூர்ல நின்னுகினு கீது. நீ வேகன் புடிச்சிக் குடு, மொத லோடு உங்க ஊருக்குன்னான்.”

“புடிச்சிக் குடுத்தீங்கோ.”

“கிருபாகரனாண்ட பேசினேன். அவனுக்கு உர வாடகை வந்துது, சரின்னான். ரெண்டு நாள் வேலைன்னான்.”

“ஒரு சந்தேகம்ணே,” என்றான் ஜஸ்டின். “அந்த வேகன் துறைமுகத்துக்குத்தான போச்சு? அரிசியோடவே போயி, அரிசிய எறக்கிட்டு, உரத்த ஏத்தினு வந்திருக்கலாமே?”

திருவேங்கடம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“நானும் அத்தத்தான் தம்பி கேட்டேன். நம்ம கப்பல் வராம அரிசி வேகன உள்ள உட மாட்டாங்களாம். காலி வேகன்னா ஒடனே உடுவாங்களாம். காலியாப் போறேன்னு சொன்னவொடனே இஞ்சினும் வந்துது, லைனும் வந்துது. அத்தினி நாளா இல்லாத இஞ்சின், ஒரே போன்ல வந்துது.” கையை விரித்தார். “வேம்புலி ஆளுங்க எறக்குனாங்கோ. மழ வந்துது. திரும்ப ஏத்தும்போது மேல தொட்டுப் பாத்தோம், காஞ்ச மாதிரிதான் இருந்துது. உள்ள ஈரம் நின்னுகீது. ஒரு காசு நான் எடுக்கல அன்னம். அம்மன் சத்தியமா.”

“எடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்ணே,” என்றாள் அன்னம்மாள். “திருடன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

கோமளா கேட்டாள். “உண்மையைச் சொல்லியிருக்கலாமே. ஊருக்காகத்தானே செஞ்சீங்க.”

“யாராண்ட சொல்றது? நாமளே வேகனக் காலி பண்ணோம்னு தெரிஞ்சா அரிசி வாங்கறவன் அடுத்த லோடு கேக்க மாட்டான். இன்சூரன்ஸ் கையை உட்ருவான். சங்கம் போச்சு. ஒரு ஆளு தப்பு பண்ணா சங்கம் தப்பிச்சிக்கும். சங்கமே தப்பு பண்ணா எதுவும் மிஞ்சாது.”

கோமளாவுக்கு இது புதிதல்ல. இருபது வருடம் பார்த்தது. நஷ்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் கிடைத்துவிட்டால் மூடிவிடலாம். பெயருக்குரிய ஆள் எதிரே நிற்கும்போது பார்த்ததில்லை.

“ஏன் நானு?” என்றாள் அன்னம்மாள்.

“மீட்டரு உன் கைல இருந்துது.”

“அது மட்டும் இல்லண்ணே.”

அவர் தண்ணீரைப் பார்த்தார்.

“எனக்காக எந்திரிச்சு நிக்க ஆம்பள யாரும் இல்ல,” என்றாள். “எம் பொண்ணு திவ்யா கல்யாணமாயி பெங்களூரு போயிட்டா. அத்தப் பாத்துத்தான் என் பேரச் சொன்னீங்கோ.”

திருவேங்கடம் மறுக்கவில்லை. வயலைக் காட்டினார்.

“அந்த உரம் யாரு வயல்ல இல்ல, சொல்லு. உன் வயல்லயும் கீது. நாளைக்கு நீ எந்திரிச்சு இத்தச் சொன்னா எல்லார் சோத்துலயும் மண்ணு. உன் சோத்துலயும்.”

“நாளைக்குக் கூட்டத்துக்கு நான் வரேன்,” என்றாள் கோமளா. “படம் இருக்கு. இது இருக்கு. வேம்புலி சொன்னதை ஜஸ்டினும் கேட்டான். நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“யாராண்டம்மா சொல்வீங்கோ?” அன்னம்மாள் திரும்பினாள். “மூட்டைய எறக்குனது யாரு? வேம்புலி ஆளுங்கோ. அவங்கல்லாம் யாரு? ஒரு ஊட்டுக்கு ஒருத்தன். எறக்கிட்டு வந்த அன்னிக்கு பொண்டாட்டியாண்ட சொல்லாம இருந்திருப்பானுங்களா? மழ பேஞ்ச ராத்திரி எவனாவது தூங்கியிருப்பானா?”

கோமளா காகிதத்தை மறுபடி மடித்தாள்.

“என்னப் பாத்து திருடின்னு சொன்னாளே சுசீலா, அடுத்த ஊட்டுக்காரி, அவ புருசன் வேம்புலி கூடத்தான் போறான். அவளுக்குத் தெரியும். கொயாயடில நான் போனா கொடத்த எடுத்துகினு போனாங்களே, அத்தினி பேருக்கும் தெரியும்.” அவள் திருவேங்கடத்தைப் பார்த்தாள். “தெரியாதது யாருக்கண்ணே?”

அவர் வேட்டி நுனியால் ஈரக்காலைத் துடைக்கக் குனிந்தார்.

“எனக்கு மட்டும்,” என்றாள் அவளே.

ஜஸ்டின் கையில் இருந்த சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

அன்னம்மாள் அழுவாள் என்று கோமளா நினைத்தாள். அன்னம்மாளோ பம்புசெட் அறைப் பக்கம் நடந்தாள். அங்கே சுவரோரம் காலி உரச் சாக்குகள் அடுக்கியிருந்தன. மஞ்சள் சாக்குகள். மேலிருந்து ஒன்றை எடுத்தாள். உதறினாள். அடியில் தங்கியிருந்த நாலைந்து வெள்ளை உருண்டைகள் தரையில் விழுந்தன. சாக்கை நான்காக மடித்து இடுக்கிக்கொண்டாள்.

“அது எதுக்கு?” என்றார் திருவேங்கடம்.

“உக்கார.”

“எங்க?”

அவள் வேனில் ஏறினாள். திருவேங்கடம் இரண்டடி பின்னால் வந்தார். “அன்னம், நில்லு, பேசிக்கலாம். நாளைக்கு உன் பேர எடுக்காம பாத்துக்கறேன். எச்சரிக்கையோட உட்டுடச் சொல்றேன்.”

ஜஸ்டின் வேனைக் கிளப்பினான். தெரு முனையில் வேகத்தைக் குறைத்தான். ஒரு வீட்டு வாசலில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வேனைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அன்னம்மாளைப் பார்த்தார்கள். பிறகு அவள் மடியில் இருந்த மஞ்சள் சாக்கைப் பார்த்தார்கள். ஒருத்தி உள்ளே போய்விட்டாள்.

“ஊட்டாண்ட உடவாம்மா?” என்றான் ஜஸ்டின்.

“ஊட்டாண்ட வேணாம் தம்பி. கோயிலாண்ட உடு.”

“கூட்டம் நாளைக்குக் காலைலதானம்மா?”

கோயில் வாசல் காலியாக இருந்தது. அன்னம்மாள் இறங்கினாள். தலைவர் நாற்காலி போடும் இடத்துக்கு நேர் எதிரே போனாள். சாக்கைப் பிரித்து, யூரியா என்ற எழுத்து மேலே தெரியும்படி விரித்தாள்.

“எடம் புடிக்கணும்,” என்றாள். முழுதாக உட்கார்ந்தாள்.